கோட்டை இல்லாத கோட்டைமேடு



உக்கடமும் கோட்டைமேடும் நம்மில் பலருக்கு காரில் கடந்து போகும் இடங்கள். பேரூர் போகும்போது, பாலக்காடு போகும்போது, மீன் மார்க்கெட் போகும்போது அந்தப் பெயர் காதில் விழும். கோட்டைமேடு என்கிறோமே, கோட்டை எங்கே? ஒரு மதில் கிடையாது, அகழி கிடையாது, கொத்தளம் கிடையாது. நெருக்கமான வீதிகள், வீடுகள், கடைகள், ஒரு சிவன் கோயில், பள்ளிவாசல்கள். அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு பதில் சுற்றி வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோவன் என்ற இருளர் மன்னன் இங்கே காட்டைத் திருத்தி ஊர் அமைத்தான், கோட்டை கட்டினான், காவல் தெய்வமாகக் கோனியம்மனை வைத்தான், அவன் பெயரால் கோவன்புத்தூர் கோயம்புத்தூர் ஆனது என்பது அந்தப் பதில். சில வடிவங்களில் கோட்டைக்குள்ளிருந்து ஒரு சுரங்கப்பாதையும் புறப்படும். தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத கோட்டைக் கதையைக் காண்பது அரிது.

இந்தப் பதிலில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு நிற்காது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கோவன் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கோட்டையையும் கதையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் இன்னும் சுவையாகின்றன என்பதே நான் சொல்ல வருவது.

1800-இல் சொன்ன கதை

ஊர்க்கதை ஒன்றைச் சோதிக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதை முதலில் யார், எப்போது எழுதி வைத்தார்கள் என்பது. கோவை விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. திப்பு சுல்தான் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின், புதிதாகக் கைக்கு வந்த நாட்டைப் பற்றி அறிய கிழக்கிந்தியக் கம்பெனி பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை அனுப்பியது. 1800-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் பவானி, ஈரோடு வழியாகக் கோவை வந்து பாலக்காடு போனார். என்ன பயிர், என்ன வரி, என்ன தறி, யார் குடி என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். அந்தக் குறிப்புகள் 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

கோவையின் பரம்பரை ஊர்த்தலைவர் சொன்ன கதையையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இந்த இடம் முன்பு மலசர்களுடையது. அவர்கள் தலைவனின் பெயர் கோயன். அவர்கள் தெய்வம் கோனியம்மா. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் தம் முன்னோர் சேர அரசனின் சம்மதத்தோடு, கோனியம்மாவையும் சாந்தப்படுத்தி, இங்கே குடியேறினார்கள். இதுதான் அந்தத் தலைவர் சொன்னதன் சாரம்.

இன்றைய வாட்ஸ்அப் வடிவத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மன் அதே அம்மன். தலைவன் பெயரும் ஏறக்குறைய அதே பெயர். இரண்டு விஷயங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. இன்று இருளர் என்கிறோம். அன்று மலசர் என்றார்கள். இருளர் இன்றும் சிறுவாணி, அட்டப்பாடி, மருதமலை அடிவாரங்களில் வாழ்கிறார்கள். மலசர் ஆனைமலைச் சரிவுகளிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் வாழ்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு பழங்குடிகள். இரண்டாவது மாற்றம் இன்னும் முக்கியமானது. 1800-இல் சொன்ன கதையில் கோவனுக்குக் கோட்டை இல்லை. அவன் மன்னனும் இல்லை. காட்டு மக்களின் தலைவன், அவ்வளவே. கோட்டை பின்னால் ஒட்டிக்கொண்டது.

பட்டயமும் கல்வெட்டும்

'அப்படியானால் சோழன் பூர்வ பட்டயம் என்னங்க ஆச்சு?' என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரிகாற் சோழன் கொங்கு நாட்டுக் காடுகளை வெட்டி, ஊர்களை உண்டாக்கி, சிவாலயங்களைக் கட்டியதாக அந்தச் சுவடி சொல்கிறது. கொங்கு வரலாற்றை எழுதிய கோவைக்கிழார் இராமச்சந்திரஞ் செட்டியார் அதைப் பதிப்பித்தார். ஆனால் அந்தச் சுவடியின் தமிழ் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய பேச்சுத் தமிழ். கரிகாலன் சங்க காலத்தவன். இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. கரிகாலன் காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்க முடியாது. பிற்காலக் கொங்கு மக்கள் தம் ஊர்களின் தொடக்கத்தை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அது அருமையான சாட்சி.

பெயர் விஷயத்தில் நிலைமை சற்று மேல். கோவன்புத்தூர் என்ற வடிவம் இடைக்காலக் கல்வெட்டில் வருகிறது. அதனால் பெயர் பழையது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் எதைச் சொல்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புத்தூர் என்றால் புதிய ஊர். ஏற்கெனவே பெரிதாக இருந்த ஒரு பழைய ஊருக்குப் பக்கத்தில் புதிதாக எழுந்த குடியிருப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். இங்கே பழைய ஊர் எது என்று தேட வேண்டியதில்லை. நொய்யல் கரையில், ஆறு ஏழு கிலோமீட்டர் மேற்கே, பட்டீசுவரர் குடிகொண்ட பேரூர் இருக்கிறது. பேரூர் பெரிய ஊர், இது புதிய ஊர். கோவன் என்ற ஒருவர் பெயரால் புதுக் குடியிருப்பு ஒன்று எழுந்தது என்பது நம்பக்கூடியது. அதற்குமேல் ஓர் அரண்மனையையோ மதிலையோ அந்தப் பெயரிலிருந்து எழுப்ப முடியாது.

உண்மையில் இருந்த கோட்டை

இவ்வளவும் சொன்னபிறகு, 'அப்போ கோட்டையே இல்லையா?' என்று கேட்டுவிடாதீர்கள். இருந்தது. அது கோவன் கோட்டை அல்ல, பீரங்கிக் காலத்துக் கோட்டை.

கோவை ஏன் கோட்டை வேண்டிய ஊரானது என்பது வரைபடத்தைப் பார்த்தால் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். நமக்கு ஆடி மாதத்தில் குளுகுளுவென்று காற்று வருவது அந்த வழியாகத்தான். அதே வழியாகத்தான் படைகளும் வந்தன. மைசூரிலிருந்து கஜலட்டிக் கணவாய் இறங்கி, சத்தியமங்கலம் வந்து, மலபாருக்குப் போக வேண்டுமானால் கோவையைத் தொட்டுத்தான் போக வேண்டும். மதுரை நாயக்கர் ஆட்சிக்குப்பின் 17-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி மைசூர் கைக்குப் போனது. 18-ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலிக்கும் அவர் மகன் திப்புவுக்கும் இது அரிசியும் வரியும் தரும் நாடு. மலபாருக்குப் போகும் வாசலும் கூட.

அந்த வாசலுக்காக நடந்த இழுபறியைப் பாருங்கள். 1768-இல் ஆங்கிலேயர் கோவையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் ஹைதர் மீட்டார். 1783 நவம்பரில் கர்னல் புல்லர்ட்டன் பாலக்காட்டைப் பிடித்துவிட்டுக் கோவையையும் பிடித்தார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் அது திப்புவுக்கே திரும்பியது. 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸ் மறுபடி பிடித்தார். 1791 நவம்பரில் திப்புவின் படை மீட்டது. 1799-இல் கடைசியாகக் கம்பெனி கைக்குப் போனது. 31 ஆண்டுகளில் ஏழு முறை கை மாறிய கோட்டை இது.

இவற்றில் 1791 முற்றுகை தனியாகச் சொல்ல வேண்டியது. கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போயிருந்த நேரம். கோவைக் கோட்டை பலவீனமானது, பெரிய தாக்குதலைத் தாங்காது என்று முடிவு செய்து, கனரக பீரங்கிகளைப் பாலக்காட்டுக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். சால்மர்ஸ் என்ற இளம் லெப்டினன்ட்டிடம் மிஞ்சியவை சில சின்ன பீரங்கிகள். கூட இருந்தவர்கள் சில நூறு பேர். அவர்களிலும் பெரும்பாலோர் திருவிதாங்கூர்ப் படையினரும், டோப்பாஸ் எனப்பட்ட போர்த்துகீசியக் கலப்பு வம்சத்துச் சிப்பாய்களும். அந்தச் சிறு படை முதல் முற்றுகையைத் தாக்குப்பிடித்து, மதிலேறி வந்தவர்களையும் விரட்டியது. பிறகு நாஷ் என்ற இன்னொரு அதிகாரி துணைக்கு வந்து சேர்ந்தார். அக்டோபரில் கமருத்தீன் கான் பெரும்படையோடும் பீரங்கிகளோடும் வந்தார். மதில் உடைந்தது. நவம்பர் தொடக்கத்தில் கோட்டை சரணடைந்தது. சால்மர்ஸும் நாஷும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகப் போனார்கள். 1792 பிப்ரவரியில் திப்பு சமாதானம் பேச விரும்பியபோது, அதே சால்மர்ஸை விடுவித்து, அவர் கையில்தான் கார்ன்வாலிஸுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

இந்த முற்றுகையில் இரு பக்கமும் செத்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களுக்கு ஊரில் ஒரு நடுகல்லும் இல்லை.

கம்பெனி வந்த மறு ஆண்டே இன்னொரு சம்பவம். 1800 ஜூன் 3 அன்று, முகரம் சமயத்தில், கோவையிலிருந்த கம்பெனிப் படையைத் தாக்கி ஊரைப் பிடிக்கக் கொங்குப் பாளையக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த முஸ்லிம் வீரர்களும் திட்டமிட்டார்கள். தீரன் சின்னமலையும் அந்த அணியில் இருந்தவர். திட்டம் முன்பே தெரிந்துபோய்த் தோற்றது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். புக்கானன் ஊருக்குள் வந்து கோயன் கதையைக் கேட்டு எழுதியது, இது நடந்த சில மாதங்களில்.

கோட்டை எப்படிக் காணாமல் போகிறது

பாலக்காட்டுக் கோட்டை இன்றும் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலர் போயிருப்பீர்கள். 1766-இல் ஹைதர் கட்டியது, கருங்கல். சங்ககிரிக் கோட்டையும் நிற்கிறது. அது மலைமேல், அதுவும் கல். கொங்குச் சமவெளிக் கோட்டைகளின் கதை வேறு. பக்கத்தில் கிடைக்கும் மண்ணைக் குழைத்து எழுப்பிய சுவர், சுற்றிலும் அகழி, அகழியில் தோண்டிய மண்ணே சுவருக்கு. அவசரத்துக்கு உதவும், பீரங்கிக் குண்டைக்கூட ஓரளவு விழுங்கிக்கொள்ளும். ஆனால் ஆண்டுதோறும் பூசிப் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் சில மழைக்காலங்கள் போதும், சரிந்துவிடும். சரிந்த மண் அகழியை நிரப்பும். நிரம்பிய இடம் வீட்டுமனை ஆகும்.

நடைமுறையில் இது எப்படி நடக்கும் என்பதற்கு ஈரோடு நல்ல உதாரணம். ஹைதர் காலத்தில் 3,000 வீடுகள் இருந்த ஊர், தொடர்ந்து வந்த போர்களில் ஏறக்குறைய வெறிச்சோடியது. அமைதி திரும்பியதும் ஓராண்டுக்குள் 400 வீடுகள் மீண்டன. 1807-இல் கோட்டைக் காவற்படையை விலக்கிக்கொண்டார்கள். இடிந்து கிடந்த கோட்டையை 1877-இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாகத் தரைமட்டம் ஆக்கினார்கள். ஒரு கோட்டையின் முடிவு இப்படித்தான் இருந்தது. எந்த எதிரியும் அன்று அதைத் தகர்க்கவில்லை. பசித்த மக்கள் ஒருநாள் கூலிக்காகக் கூடை கூடையாகச் சுமந்து சமன் செய்தார்கள்.

கோட்டை போனாலும் உள்ளே இருந்த தெய்வங்கள் முகவரியை மாற்றவில்லை. ஈரோட்டில் இன்றும் கோட்டை ஈஸ்வரன், கோட்டைப் பெருமாள் என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊரிலும் சங்கமேஸ்வரர் கோயிலைக் கோட்டை ஈஸ்வரன் கோயில் என்கிறோம். பள்ளிவாசல் பெயரிலும் கோட்டை ஒட்டியிருக்கிறது. மதில் மறைந்து இவ்வளவு காலமான பிறகும் கோட்டையின் எல்லையை நமக்குக் காட்டிக்கொடுப்பவை இந்தப் பெயர்கள்தான்.

கதை ஏன் கோட்டையைப் பிடித்துக்கொள்கிறது

பெயர் நிலைத்து, கட்டடம் மறைந்தால் நடுவில் ஒரு வெற்றிடம் வருகிறது. கோட்டை என்றால் ராஜா வேண்டுமே. ஊர்ப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோவன் இருக்கிறான். இரண்டையும் சேர்த்தால் கதை தயார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் டின்டாஜெல் என்ற கோட்டை இருக்கிறது. ஆர்தர் ராஜா கருவான இடம் என்று 12-ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊரின் ஜெஃப்ரி எழுதி வைத்தார். இன்று அங்கே இடிந்து நிற்கும் மதில்களோ அதற்கும் பிறகு, 13-ஆம் நூற்றாண்டில், ரிச்சர்ட் என்ற பிரபு கட்டியவை. முதலில் கதை, பிறகு கோட்டை. ஆனாலும் அந்த மதில்களைப் பார்ப்பவர்கள் மனத்தில் எழுவது ஆர்தர்தான். கட்டிய பிரபுவை யார் நினைக்கிறார்கள்?

இதனால் என்ன நஷ்டம், ஒரு கதைதானே என்று கேட்கலாம். இரண்டு நஷ்டம் இருக்கிறது.

முதலாவது, ஆயிரம் வருஷத்துக் கற்பனைக் கோட்டை, இருநூறு வருஷத்துக்கு முன் நிஜமாக நின்ற கோட்டையை மறைத்துவிடுகிறது. சால்மர்ஸின் சின்ன பீரங்கிகளும், திருவிதாங்கூர்ச் சிப்பாய்களும், 1800 ஜூனில் தூக்கிலேறியவர்களும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறார்கள். அவர்களுக்குத் தேதியோடு சான்று இருக்கிறது. கோவன் கோட்டைக்கு இல்லை.

இரண்டாவது நஷ்டம் கோவனுக்கே. காட்டு மக்களின் தலைவனாக இருந்தவனுக்குக் கிரீடமும் கோட்டையும் கொடுத்துவிட்டால், கதை சொல்ல வந்த விஷயமே காணாமல் போகிறது. அந்தக் கதையின் பழைய வடிவத்தைக் குடியேறி வந்தவர்களின் வாரிசே சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 'நாங்கள் வருவதற்கு முன் இங்கே வேறு மக்கள் இருந்தார்கள், அவர்கள் தெய்வத்தின் மனம் கோணாமல்தான் நாங்கள் குடியேற முடிந்தது' என்று அவர் ஒப்புக்கொள்கிறார். வந்தவர்கள் தம் தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஊரின் காவல் தெய்வமாகக் காட்டு மக்களின் அம்மனே நீடித்தாள். இன்றும் மாசி மாதத் தேரோட்டத்தில் ராஜ வீதியில் ஊரே கூடுவது அவளுக்காகத்தான். கோட்டை கட்டிய மன்னன் கதையைவிட இது கனமான கதை.

ஊர்க்கதை சில சமயம் பட்டா போல நடத்தப்படுவதையும் பார்க்கிறோம். கோவன் எங்கள் ஆள், கோட்டை எங்கள் கோட்டை, ஊர் எங்கள் ஊர் என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பும். 1800-இல் மலசர் என்றவர்கள் இன்று இருளர் என்கிறோம் என்றால், இந்தக் கதையைச் சொத்துப் பத்திரமாக யாரும் நீட்ட முடியாது. பழங்குடிகள் இங்கே முன்பிருந்தார்கள் என்பதை மட்டும் இரண்டு வடிவங்களும் ஒரே குரலில் சொல்கின்றன.

அடுத்த முறை ஒரு பதிவு வந்தால்

பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கும் நம் குழு விவாதங்களுக்கும் பயன்படும் மூன்று கேள்விகள்:

ஒன்று, இதை முதலில் எழுதி வைத்தது எப்போது? சம்பவத்துக்கும் எழுத்துக்கும் எவ்வளவு இடைவெளி?

இரண்டு, சொன்னவர் யார், யாருக்குச் சொன்னார்? புக்கானனிடம் பேசிய ஊர்த்தலைவருக்குத் தம் குடும்பத்தின் உரிமையை நிலைநாட்டும் தேவையும் இருந்தது. அவர் வந்தது நாட்டைக் கைப்பற்றிய கம்பெனியின் ஆளாக. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்று, பழைய வடிவத்தில் இல்லாத எது புதிய வடிவத்தில் சேர்ந்திருக்கிறது? சேர்ந்ததை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ட்ராஃபிக் ஏறுவதற்கு முன், இந்த இடங்களை நடந்தே பார்க்கலாம். 1892-இல் கட்டிய டவுன்ஹாலில் தொடங்கி, பெரிய கடை வீதியில் கோனியம்மனைப் பார்த்துவிட்டு, கோட்டை ஈஸ்வரன் கோயில் வழியாக உக்கடம் பெரியகுளக் கரை வரை. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம்தான். வீதிகள் எங்கே வளைகின்றன, தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கவனியுங்கள். பிள்ளைகள் 'கோட்டை எங்கே?' என்று நிச்சயம் கேட்பார்கள். காலுக்குக் கீழே என்று சொல்லுங்கள். அதைக் கட்டியது கோவன் இல்லை என்றும், கோவன் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே காட்டில் இருந்தவன் என்று கதை சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.